குதிரைக்குக் கொள்ளு வைத்தவள்

மதகுப்பட்டணத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பார்க்காதவர்கள் நம்பினால் போதும்: அந்த ஊரில் தெரு என்று இருப்பதெல்லாம் தண்ணீர்தான். பால்காரர் படகில் வருவார், பிணம் படகில் போகும், கல்யாணப் பெண் படகில் ஏறும்போது மாமியார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் உட்காருவாள், படகு சாயக் கூடாதே. பரங்கியர் கட்டிய கோவில்கள் ஒரு கரையில் (அந்தப் பக்கத்தில் கோவில் என்றாலே மாதா கோவிலும் புனிதர் கோவிலும்தான்), முத்து வியாபாரிகள் கட்டிய அரண்மனைகள் எதிர்க்கரையில், நடுவில் ஒல்லாந்துக்காரர் வெட்டிவிட்டுப் போன வாய்க்கால்கள், அவற்றில் மதுரைக்காரரும் கோயமுத்தூர்க்காரரும் தொப்பி போட்ட வெள்ளைக்காரரும் படகுகளில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே போக, அவர்களுக்கு எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே துடுப்புப் போடுகிறவர்களால்தான் அந்த ஊர் சோறு தின்றது.

வியாகம்மாளும் அப்படித்தான் தின்றாள். அவள் கையிலிருந்த துடுப்பு அவள் புருஷன் லாசருடையது. பெருவெள்ளத்தில் லாசர் போனான், துடுப்பு மட்டும் கரை ஒதுங்கியது, அதை எடுத்துக்கொண்டு அவள் படகில் ஏறினாள். வாய்க்கால் முகத்தில் இருக்கும் சந்தியாகப்பர் கோவிலில் தொடங்கி, உப்புச் சுங்கம், ஒல்லாந்துப் பாலம், மூன்று மாதா கோவில்கள் என்று காட்டிக்கொண்டே வந்து, கடைசியில் இரண்டு வாய்க்கால்கள் கூடும் இடத்தில் தண்ணீருக்கு நடுவே வெள்ளைவெளேரென்று நிற்கிற அரண்மனையின் படித்துறையில் படகைக் கட்டுவாள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அரண்மனையின் தண்ணீர்க் கதவுக்கு நேராக வந்ததும் படகோட்டி எழுந்து நின்று, துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து, "பெருவெள்ளத்தில் இந்த அரண்மனையின் கதவுகள் ஊருக்காகத் திறந்தன" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாத படகுக்குப் படித்துறையில் இடமில்லை, படித்துறையில் நிற்காத படகில் எந்தச் சுற்றுலாக்காரரும் ஏற மாட்டார்.

கதவுகள் திறக்கவில்லை. அது ஊருக்கே தெரியும்.

விடாத மழைக்குப் பிறகு கடலும் வாய்க்காலும் கைகோத்துக்கொண்ட அந்த மத்தியானம், லாசர் தன் தெருப் பெண்களையும் பிள்ளைகளையும் படகில் அள்ளிப் போட்டுக்கொண்டு, அந்த வட்டாரத்திலேயே மேடான கல்தளம் அதுதான் என்று அரண்மனைக்குத் துடுப்பு வலித்துப் போய், துடுப்புக் கட்டையால் தண்ணீர்க் கதவைத் தட்டினான். உள்ளே அரண்மனைக்காரர் கஸ்பார் தல்மேதாவின் பிறந்தநாள் விருந்து. புதிதாக வந்திறங்கிய கம்பளம் விரித்திருந்தார்கள். சேற்றுக்கால்கள் வரப்போகின்றன என்று தெரிந்ததும் கதவுக்குத் தாழ்ப்பாள் விழுந்தது. வியாகம்மாள் அப்போது தூரத்தில், சந்தியாகப்பர் கோவில் மணிக்கூண்டில் மற்றவர்களோடு ஒண்டிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் லாசரின் துடுப்பு எழுவதும் விழுவதும் தெரிந்தது, எழுவதும் விழுவதும், எழுவதும் விழுவதும். சத்தம் மட்டும் வரவில்லை. பிறகு படகு குப்புறக் கவிழ்ந்தது. கதவின் இரும்பு வளையத்தைப் பிடித்துத் தொங்கிய சிலர் பிழைத்தார்கள். லாசர் அவர்களைத் தோளில் ஏற்றிவிட்டவன், அதனால் பிழைக்கவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் கஸ்பார் தல்மேதா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "என் கை அந்தத் தாழ்ப்பாளைத் தொடவே இல்லை." அதை யாராலும் மறுக்க முடியவில்லை, ஏனென்றால் அது சத்தியம். அந்த மனிதர் பிறந்ததிலிருந்து எந்தக் கதவையும் தொட்டதில்லை. அவர் நடந்து வருவார், கதவு திறக்கும், அவர் போய்விடுவார், கதவு மூடும். வீட்டில் காவல்காரன் தொம்மை திறப்பான், கோவிலில் உபதேசியார் திறப்பார், பட்டணத்துக்குக் காரில் போனால் டிரைவர் இறங்கி ஓடி வருவார். ஒரு தடவை யாரும் பக்கத்தில் இல்லாமல் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டு மத்தியானம் வரைக்கும் உள்ளேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் என்று சமையல்காரி சொல்லி ஊர் சிரித்திருக்கிறது. தாழ்ப்பாளைப் போட்டது தொம்மையின் கை. போடச் சொன்ன வாய்க்குச் சாட்சி இல்லை.

அதிகாரி கப்பலேறிப் போனார். வெள்ளம் வடிந்தது. அரண்மனை ஓட்டல் ஆயிற்று. திறந்த கதவுகளின் கதை சுற்றுலாக்காரர்களுக்காகப் பிறந்தது.

வியாகம்மாள் வருஷக்கணக்கில் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். லாசர் தட்டிய அதே துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, லாசர் தட்டிய அதே கதவுக்கு முன்னால் நின்று சொன்னாள். சொல்லி முடித்து, படகைத் திருப்பி, சாயங்காலம் நேரே சந்தியாகப்பர் கோவிலுக்குப் போவாள். சந்தியாகப்பர் வெள்ளைக் குதிரையில் வாளோடு வருகிறவர். அவருடைய குதிரைக்குக் கொள்ளு படைப்பது அந்தக் கரையின் நேர்ச்சை. மற்றவர்கள் கொள்ளைக் குதிரைக்கு வைத்துவிட்டு வேண்டுதலைச் சாமியிடம் சொல்வார்கள். வியாகம்மாள் சாமியின் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். குதிரையின் மரக்காதைப் பிடித்துக்கொண்டு அதனிடம்தான் பேசுவாள்.

"இதென்ன யக்கா புதுப் பழக்கம், சாமியை விட்டுட்டுக் குதிரைகிட்ட?" என்று பக்கத்துப் படகுக்கார அருளப்பன் ஒருநாள் கேட்டான்.

"சாமிகிட்டச் சொன்னா, மன்னிச்சிட்டு வா மகளேன்னு சொல்லிருவாரு. குதிரை அப்படியெல்லாம் சொல்லாதுடே."

"அப்படி என்னதான் கேக்குதிய?"

"அந்த அரண்மனைக்காரன் ஒரு மூடின கதவுக்குப் பின்னால நின்னு தட்டணும். ஒருத்தரும் வரக் கூடாது. அந்தச் சத்தத்தை நான் கேக்கணும். அவ்வளவுதான், பெருசா ஒண்ணும் கேக்கலை."

அருளப்பன் அதற்குப் பிறகு குதிரையைக் கொஞ்சம் தள்ளி நின்றே கும்பிட்டான்.

அப்புறம் அந்த நாள் வந்தது. படகில் காரைக்குடிப் பக்கத்து அம்மா ஒருத்தி, நல்ல மனசுக்காரி, வியாகம்மாள் எழுந்து துடுப்பைத் தூக்கியதும் வாஞ்சையோடு கேட்டாள்: "அந்த வெள்ளத்துல உங்க வீட்டு ஆளுங்களும் இங்கதான் வந்தாங்களா?"

"எங்க வீட்டுக்காரரு வந்தாரு," என்றாள் வியாகம்மாள். அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை. துடுப்பு நின்றது, படகு நின்றது, பின்னால் வந்த படகுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. அவள் துடுப்பைக் கீழே இறக்கினாள்.

மாடியிலிருந்து கஸ்பார் தல்மேதா பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் காவல்காரன் தொம்மை படித்துறைக்கு இறங்கி வந்தான். லாசரோடு சேர்ந்து வளர்ந்தவன், இப்போது கிழவன், அவள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துச் சொன்னான்: "வியாகம், இனிமே இங்க படகு கட்டக் கூடாதாம்."

"உம்ம கை அவிழ்க்குமா, நான் அவிழ்க்கட்டுமா?" என்று கேட்டாள். அவளே அவிழ்த்தாள். அன்றைக்கு அவள் குதிரைக்கு வைத்த கொள்ளு, பிழைப்புப் போனவள் வைக்கக் கூடிய அளவைவிட மிக அதிகம்.

மறுநாள் காலைப் பூசைக்குப் போன கிழவிகள் கோவில் படியில் ஏறி, கடைசிப் படியில் நின்று, எதிரே ஒன்றும் இல்லாததைப் பார்த்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படி இருந்தது. கோவில் ஒரு படகு நீளம் தள்ளி, வாய்க்காலுக்குள் முழங்கால் அளவு இறங்கி நின்றது, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்குகிற பெண்பிள்ளை மாதிரி. கிழவிகள் இறங்கினார்கள், சுற்றிக்கொண்டு போனார்கள், பூசை கண்டார்கள். பங்குச்சாமியான சலேத்து தன் பிரசங்கத்தில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அறிவிப்பு நேரத்தில் மட்டும், நாளையிலிருந்து வருகிறவர்கள் பலகை கொண்டுவந்தால் நல்லது என்றார்.

கோவில் நகர்வதை யாரும் பார்த்ததில்லை. நிழல் நகர்வதை எப்படிப் பார்க்க முடியாதோ அப்படித்தான். சாப்பிட்டுவிட்டு ஊர் கண்ணயர்கிற நேரத்தில் அது கொஞ்சம் முன்னேறியிருக்கும். நகராட்சியிலிருந்து ஓர் இன்ஜினியர் சங்கிலியோடு வந்து அளந்து பார்த்துவிட்டு, கோவில் அதன் இடத்தில்தான் இருக்கிறது, ஊர்தான் மெல்லப் பின்வாங்கியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதுவும் சரியாக இருக்கலாம் என்று ஊர் ஏற்றுக்கொண்டது. தபால்காரர் கோவில் கடிதங்களை, "நேற்று இருந்த இடத்துக்குக் கொஞ்சம் கிழக்கே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்க் கொடுத்தார். கல்யாண வீட்டார், கோவில் எங்கே என்று பார்த்துவர முன்னால் ஒரு படகை அனுப்புவது வழக்கமாயிற்று. கடலிலிருந்து திரும்புகிறவர்களுக்கு அந்த மணிக்கூண்டுதான் அடையாளம். அது நகர்ந்ததால் தடம் மாறி வேறொரு துறையில் ஏறி, பழக்கத்தில் மூன்றாவது வீட்டுக்குள் நுழைந்து, யாரோ வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வீடு வேறு என்று கண்டுபிடித்த ஒருவர், அதற்குப் பிறகும் அவ்வப்போது தடம் மாறினார்.

சாமியின் குதிரைக்குக் குளம்பெல்லாம் சேறு. கழுவிவிட முறை வைத்துக்கொண்டார்கள். கோவில் எந்த வீட்டு ஜன்னலுக்கு நேராக வந்து நிற்கிறதோ அந்த வீட்டுக்காரி, மீன் ஆய்ந்துகொண்டே பூசை கண்டாள், சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்றம் வரும்போது அரிவாள்மணையைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள், உபதேசியாருக்கு உப்பு வேண்டுமென்றால் ஜன்னல் வழியாகவே நீட்டினாள். அடுத்த வீட்டுக்காரிக்குப் பொறாமை. "உங்க வீட்டுப் பக்கத்துல ரொம்ப நேரம் நிக்குது. எங்க வீட்டைக் கண்டா மட்டும் வேகமாப் போகுது" என்று பங்குச்சாமியிடம் முறையிட்டாள். "நடக்குற சாமி, மகளே. நடக்குறவரை யாரு இழுத்துப் பிடிக்க முடியும்" என்றார் அவர். சந்தியாகப்பர் யாத்திரைக்காரர்களின் சாமி என்பதை அப்போதுதான் எல்லோரும் நினைவு வைத்துக்கொண்டார்கள். இத்தனை நாள் ஒரே இடத்தில் நின்றதுதான் அதிசயம் என்று பேசத் தொடங்கினார்கள்.

படகோட்டிகளுக்குக் கொண்டாட்டம். கோவில் எங்கே இருக்கிறதோ அங்கே காட்டினார்கள். சுற்றுலாக்காரர் வரைபடத்தை விரித்து, "இங்கே இருக்கணுமே" என்றால், "அது போன வாரத்துப் படம் சார்" என்பான் அருளப்பன். டீக்கடை மிக்கேல் தன் கடையைக் கோவிலின் வலது சுவரோடு கயிற்றால் கட்டிவிட்டான், கடையும் கூடவே போயிற்று.

அது எங்கே போகிறது என்று கேட்டவர் இல்லை. கேட்க வேண்டியதில்லை. மணிக்கூண்டில் ஏறி நின்று பார்த்தால், நேர்க்கோட்டில், வெள்ளைவெளேரென்று அரண்மனை. அது வியாகம்மாளுக்கு முதல் நாளே தெரிந்தது. அவள் தினமும் கொள்ளு வைத்தாள். குதிரையின் காதில் இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை, சொல்ல என்ன இருக்கிறது, கழுத்தைத் தட்டிக் கொடுப்பாள்.

கஸ்பார் தல்மேதாவுக்கும் தெரிந்தது. முதலில் சிரித்தார். ஓட்டலுக்கு அது நல்ல காட்சி என்றார். ஒல்லாந்துப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்ததும் சிரிப்பை நிறுத்தினார். ஆயருக்கு ஆள் அனுப்பினார். ஆயரகத்திலிருந்து வந்தவர்கள், மந்திரித்த கோவிலை இடம் மாற்றுவதென்றால் பவனி வைக்க வேண்டும், பவனி புறப்படுவதென்றால் கோவில் தன் இடத்தில் இருக்க வேண்டும் என்று விளக்கிவிட்டுப் போனார்கள். போலீசில் அத்துமீறல் புகார் கொடுத்தார். யார் மேல் என்று ஏட்டையா கேட்டபோது ஒரு பெயர்தான் இருந்தது. ஏட்டையா அதை எழுதிக்கொண்டு, எதிராளி குதிரை வைத்திருப்பதால் பிடிப்பது சிரமம் என்றார்.

அரண்மனைக்கு முன்னொரு காலத்தில் பின்பக்கம் ஒரு பாலம் இருந்தது. பின்புறச் சந்து ஜனங்கள் அந்த வழியாகப் பூப்பறிக்க வருகிறார்கள் என்று கஸ்பார்தான் அதை இடித்தார். ஆகவே தண்ணீர்க் கதவைத் தவிர வேறு வழி கிடையாது. ஒரு மத்தியானம் ஊர் கண்விழித்துப் பார்த்தபோது, சந்தியாகப்பர் கோவில் அரண்மனைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் பின்பக்கத்துச் சிறிய கதவைத் தண்ணீர்க் கதவோடு ஒட்டவைத்து, சட்டிக்கு மூடி பொருந்துகிற மாதிரி பொருந்தி உட்கார்ந்திருந்தது. இனி அரண்மனையிலிருந்து வெளியே வர வேண்டுமென்றால், கோவிலுக்குள் நுழைந்து, பீடத்தைத் தாண்டி, நடுவழி முழுக்க நடந்து, வாய்க்காலைப் பார்க்கிற முன்கதவு வழியாகத்தான் வர வேண்டும்.

ஓட்டலில் தங்கியிருந்தவர்கள் அப்படியே வந்தார்கள். பூசை நடந்துகொண்டிருக்கும்போது சக்கரம் வைத்த பெட்டிகளைக் கடகடவென்று இழுத்துக்கொண்டு, இதுவும் சுற்றுலாவில் சேர்த்திதான் என்று நினைத்துப் படம் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு போனார்கள். பிறகு சமையல்காரி போனாள். தோட்டக்காரர் போனார். ஒவ்வொருவரும் போகும்போது சாமிக்கு ஒரு முழங்கால், குதிரைக்கு ஒரு கும்பிடு.

கஸ்பார் தல்மேதா மட்டும் வரவில்லை. நடுவழியின் இரண்டு பக்கத்திலும் பெஞ்சுகளில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். வெள்ளத்தில் பிள்ளையை விட்டவர்கள், அம்மாவை விட்டவர்கள், கதவு வளையத்தில் தொங்கிப் பிழைத்தவர்கள். அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு நடுவில் அந்த நீளம் நடக்க அவரால் ஆகாது. மாடியிலிருந்து ஏணி வைத்து இறங்கலாம் என்று யோசனை சொன்னார்கள். படகுகளில் ஜனங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, வெள்ளையடிக்கிறவன் மாதிரி ஏணியில் இறங்குவதா என்று கேட்டுவிட்டார்.

கடைசியாகத் தொம்மை வந்தான். முன்கதவைத் திறந்து, வாசற்கல்லில் நின்று, கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊரைப் பார்த்தான். வியாகம்மாளின் படகு அங்கேதான் கட்டியிருந்தது. கோவில் வாசலில் யார் வேண்டுமானாலும் கட்டலாம்.

"ஏறும்," என்றாள்.

அவன் தயங்கினான். "என்னை ஏத்துவியா வியாகம்?"

"ஏறும்ங்கேன்."

ஏறி உட்கார்ந்தான். அவள் துடுப்பை வலித்தாள். பிறகு, கேட்காமலே சொன்னான்: "லாசர் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டான். தொம்மை, நான்தான்டே, திறன்னான். நான் துரையைப் பார்த்தேன். என்ன சத்தம்னு விருந்தாளி ஒருத்தர் கேட்டாரு. மரம் தண்ணியில மோதுதுன்னு சொல்லிட்டுத் துரை இன்னொரு துண்டு இறைச்சி எடுத்து வச்சாரு. எனக்குக் கண்ணைக் காட்டினாரு. நான் போட்டேன்."

வியாகம்மாள் துடுப்பை நிறுத்தவில்லை. "சத்தம் எப்படி இருந்துச்சு?"

"எது?"

"அவரு தட்டினது. நான் பார்த்தேன், கேக்கலை."

தொம்மை படகின் பலகையில் விரல் முட்டியால் தட்டிக் காட்டப் போனான். கை பாதியில் நின்றுவிட்டது. கிழவன் அழுதான். அவள் அழவிட்டாள். தேற்றவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை. அழுது முடித்த பிறகு கேட்டாள்: "உள்ள அவரு மட்டும்தானா இப்போ?"

"அவரு மட்டும்தான். வியாகம், அந்த முன்கதவு பூட்டில்லாத கதவு. உள்பக்கம் ஒரு வளையம், அதைப் பிடிச்சு இழுத்தாத் திறந்துரும். ஆனா அவருக்கு..."

"தெரியாது," என்று முடித்தாள் வியாகம்மாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொம்மைதான் முதலில் கண்ணைத் தாழ்த்தினான்.

பட்டினி போடுவது வேறு பாவம் என்று பங்குச்சாமி சொன்னார். யாரும் பட்டினி போட நினைக்கவில்லை. அரண்மனை மாடியிலிருந்து ஒரு கூடை இறங்கியது, வியாகம்மாளே அதில் சாப்பாடு வைத்தாள், நெய்மீன் குழம்பும் சூட்டோடு சோறும். "இதென்னக்கா, விரோதிக்கு நெய்மீனா?" என்று அருளப்பன் வாய்பிளந்தான். "நல்லாத் தின்னட்டும்டே. உடம்பைப் பார்த்துக்கிடட்டும். ரொம்ப வருஷம் இருக்கணும்லா" என்றாள் அவள்.

காலைப் பூசைக்கும் சாயங்காலப் பூசைக்கும் முன்கதவு விரியத் திறந்து கிடந்தது. அந்த நேரங்களில் அவர் வரவில்லை. ஜனமெல்லாம் போய், கோவில் காலியாகி, கதவைச் சாத்திவிட்டு உபதேசியார் வீட்டுக்குச் சாப்பிடப் போய், ஊர் கண்ணயர்கிற மத்தியானத்தில்தான் ஒருநாள் வந்தார். பின்கதவு தொம்மை திறந்து போட்டபடியே கிடந்தது. பீடத்தைத் தாண்டி, காலியான பெஞ்சுகளுக்கு நடுவே, சாமியையும் பார்க்காமல் குதிரையையும் பார்க்காமல் நடந்து, முன்கதவுக்கு வந்து, பிறந்ததிலிருந்து எந்தக் கதவுக்கு முன்னாலும் நின்ற மாதிரியே நின்றார். கதவு திறக்கவில்லை. தொண்டையைச் செருமினார். பிறகு ஒரு விரலால் தட்டினார். பிறகு கையால்.

வியாகம்மாள் வெளியே படகில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்திருந்தாள். எதிர்ப்பலகையில் தொம்மை. முதல் தட்டலிலேயே தொம்மையின் கை தானாக எழுந்தது, வாழ்நாள் முழுக்கத் திறந்த கை, பாவம், அதற்கு என்ன தெரியும். பாதி எழுந்துவிட்டான். வியாகம்மாள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இந்தக் கை அன்னைக்குச் சும்மா இருந்திருக்கலாம். இன்னைக்கு இருக்கட்டும்."

அவன் உட்கார்ந்தான். கையை மடியில் வைத்து, மறுகையால் மூடிக்கொண்டான்.

தட்டல் வந்துகொண்டே இருந்தது. மரத்தின் மேல் கை, ஈரமான சத்தம், நடுநடுவே நின்று, யாராவது வருகிறார்களா என்று காது கொடுத்து, மறுபடி. சந்தின் ஜன்னல்களில் ஒவ்வொருவராக எழுந்து வந்து நின்றார்கள். மிக்கேல் டீ ஆற்றுவதை நிறுத்தினான். ஒரு வார்த்தை போதும், வளையத்தைப் பிடித்து இழுங்கள் என்று. பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த அந்த வார்த்தையை ஊரே வாய்க்குள் வைத்து மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொருவராக ஜன்னலை விட்டுப் போனார்கள், பாதியில் விட்ட தூக்கத்துக்கு, பாதியில் விட்ட வேலைக்கு.

வியாகம்மாள் சோற்றைப் பிசைந்தாள். இவ்வளவு காலம் இந்தச் சத்தத்துக்காகத்தான் உயிரோடு இருந்தாள், இதைக் கேட்டால் தொண்டையில் சோறு இறங்காது, நெஞ்சு வெடிக்கும், என்னவோ ஆகும் என்றெல்லாம் நினைத்திருந்தாள். ஒரு வாய் வைத்தாள். குழம்பில் புளி சரியாக இருந்தது. விழுங்கினாள், இறங்கியது. இன்னொரு வாய் வைத்தாள், அதுவும் இறங்கியது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது, அன்றைக்கு அந்த மனுஷனுக்கு எப்படி இறைச்சி இறங்கியிருக்கும் என்று. இப்படித்தான், சுலபமாக. அவள் சட்டியை ஒரு கணம் கீழே வைத்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு சட்டியை எடுத்து, வழித்துச் சாப்பிட்டு முடித்து, வாய்க்கால் தண்ணீரில் கழுவி, மூடி வைத்தாள்.

அன்று சாயங்காலம் குதிரைக்கு இரட்டைக் கொள்ளு வைத்து, வெகுநாளைக்குப் பிறகு காதில் பேசினாள்: "போதும் ராசா. நடந்தது போதும், இங்கேயே நில்லு."

கோவில் நின்றது. இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது, புதிய வரைபடத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். மத்தியானம் தவறாமல் அந்தத் தட்டல் வரும். ஊருக்கு அது பழகிவிட்டது, மிக்கேல் அதைக் கேட்டுத்தான் இரண்டாம் பால் காய்ச்சுகிறான், பெண்கள் அதைக் கேட்டுத்தான் கொடியில் துணி எடுக்கிறார்கள். தட்டிவிட்டு அவர் திரும்பிப் போய் நெய்மீன் சாப்பிடுவார். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்கள்.

வியாகம்மாளின் படகுக்கு இப்போது தனி மவுசு. போன மாதம் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் ஏறியிருந்தது. கோவிலுக்கு நேராக வந்ததும் அவள் எழுந்து நின்று, லாசரின் துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து, "இது சந்தியாகப்பர் கோவில். இந்தக் கோவிலின் கதவுக்குப் பூட்டே கிடையாது" என்று உரக்கச் சொன்னாள்.

குடும்பத்தில் வயதான அம்மா காதைச் சாய்த்தாள். "ஏம்மா, உள்ள யாரோ தட்டுற மாதிரி இருக்கே?"

வியாகம்மாளும் தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவசரமில்லாமல், முழுசாக, அடுத்த தட்டலும் அதற்கடுத்த தட்டலும் வந்து முடியும்வரை கேட்டாள்.

"இல்லம்மா," என்றாள். "மரம் தண்ணியில மோதுது."

துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, அடுத்த அரண்மனையைக் காட்ட வலித்தாள்.